புற்றை விடுங்கள், செடியைப் பிடுங்கிப் பாருங்கள்

மானாவாரிக் கடலையில் நான்கு செடி வாடிவிட்டால் போதும், நம் உழவர்களின் பார்வை உடனே வரப்போரத்துப் புற்றின் மேல்தான் போகிறது. கடப்பாரையால் புற்றை இடிப்பார்கள். ஒரு பாட்டில் பூச்சிமருந்தை வாங்கி வந்து உள்ளே ஊற்றுவார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் புற்று பழையபடி எழும்பி நிற்கும். வாடுகிற செடிகளும் வாடிக்கொண்டேதான் இருக்கும். "இது சரியில்லை, இதைவிடக் காட்டமான மருந்து இருந்தால் கொடுங்கள்" என்று மறுபடியும் கடைக்குப் போவார்கள். முப்பது ஆண்டுகளாக இதைப் பார்த்து வருகிறேன். கறையானுக்காக நம் சிறு விவசாயிகள் செய்யும் செலவில் பெரும்பங்கு வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. வீண் செலவோடு போனாலும் பரவாயில்லை. சில சமயம் கறையான் செய்யும் நட்டத்தைவிட அதை விரட்டப் போய் ஏற்படும் நட்டம் பெரிதாகிவிடுகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், புரட்டாசி மாதத்தில், திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். ஒன்றரை ஏக்கர் செம்மண் கொல்லை. ஆனிக் கடைசியில் விதைத்த மல்லாட்டை, எண்பத்தைந்து நாள் பயிர். மூன்று வாரமாகச் சொட்டு மழை இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் தாய்க்கும் மகனுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. கிழக்கு வரப்பில் வேப்பமரத்தடியில் இடுப்புயரப் புற்று ஒன்று, மஞ்சளும் குங்குமமுமாக இருந்தது. மகன் கையில் பாட்டிலோடு நிற்க, அம்மாள் புற்றுக்கு முன்னால் மறித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. சாமி சாமின்னு சொல்லியே கால் கொல்லையைச் செல்லுக்குக் குடுத்தாச்சு" என்றார் மகன்.

"நேத்து அந்த மூலையில அரை பாட்டில் ஊத்தினியே, நின்னுச்சா? இப்ப ஆத்தா மேல ஊத்த வந்துட்டான்" என்றார் அம்மாள்.

நான் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. கொல்லையைச் சுற்றி நடந்தேன். புற்றைச் சுற்றி இருபது அடிவரை செடிகள் வாட்டம் இல்லாமல் பச்சையாக நின்றன. செடி காய்ந்து கிடந்தது மேற்கு மூலையில். புற்றுக்கும் அதற்கும் ஒரு கொல்லை தூரம். அங்கே ஒரு செடியைப் பிடுங்கினேன். ஆணிவேர் குழலாகக் குடையப்பட்டு உள்ளே மண் அடைத்திருந்தது. காயின் மேல் ஓட்டில் நரம்பு தெரியச் சுரண்டியிருந்தது. கறையான்தான், சந்தேகம் இல்லை. மண்வெட்டியால் ஒரு அடி தோண்டினேன். மக்காத எரு, வைக்கோல், கம்பந்தட்டைத் துண்டு, எல்லாவற்றின் மேலும் மண்பூச்சு, நடுவே கறையான் நெளிந்தது.

"எரு எப்போது அடித்தீர்கள்?"

"வைகாசிக் கடைசியில ஆறு வண்டி அடிச்சோம் ஐயா. குழியில மேலாக இருந்ததை அள்ளி அந்த மூலையிலதான் கொட்டி வைச்சோம். கலைக்கிறதுக்குள்ள மழை வந்துட்டுது. அப்படியே ஓட்டி விதைச்சுட்டோம்."

விஷயம் அவ்வளவுதான். புற்றிலிருந்து யாரும் படையெடுத்து வரவில்லை. மேற்கு மூலையில் நாமே சாப்பாடு போட்டு அழைத்திருக்கிறோம். எரு தீர்ந்தது, மழை நின்றது, அடுத்து ஈரம் உள்ள பொருள் கடலை வேர்தான். அதில் வாய் வைத்துவிட்டது.

அதற்குள் அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நேத்து மருந்து ஊத்தின மூலையில உள்ள கொடியை மாட்டுக்குப் போடலாமா?" அறுவடைக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மூலைக் காயையும் தனியாக ஒதுக்கச் சொன்னேன். கறையான் விட்டுவைத்த காயையும் கொடியையும் பாட்டில் எடுத்துக்கொண்டது. மகன் ஒன்றும் பேசவில்லை. மீதி அரை பாட்டிலை மூடி வைத்துவிட்டு, பக்கத்துக் கொல்லைக்காரரிடம் கேட்டு, அன்று இரவே ஓஸ் பைப் போட்டு ஒரு தண்ணீர் கட்டினார். மற்ற இடத்துக்கு வாட்டம் பரவவில்லை. மூலையில் மட்டும் நட்டம்.

கறையானின் குடும்பம்

இதை நம் மக்கள் வெள்ளை எறும்பு என்றும் சொல்வார்கள். உண்மையில் எறும்புக்கும் இதற்கும் உறவு இல்லை; பகைதான் உண்டு. கறையானின் பங்காளி கரப்பான்பூச்சி. ஒரு குடும்பத்தில் ஒரு ராணி, ஒரு ராஜா, சிப்பாய்கள், இலட்சக்கணக்கில் வேலைக்காரர்கள். நம் பயிரைக் கடிப்பது இந்த வேலைக்காரக் கறையான் மட்டுமே. அதற்குக் கண் கிடையாது, தோல் மிக மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் சிறிது நேரத்தில் உலர்ந்து செத்துவிடும். அதனால்தான் எங்கே போனாலும் மண்ணைக் குழைத்துப் பூசி, அந்தக் கூரைக்குள்ளேயே போகிறது. ஈரம் இல்லாமல் அதற்கு வாழ்வு இல்லை. கோடையில் மிக ஆழத்துக்கு இறங்கி ஈர மண்ணை மேலே கொண்டு வரும். பயிரில் கறையானை அடக்குவதற்கான வழிகளில் பாதி இந்த ஒரு பலவீனத்திலிருந்தே கிடைக்கிறது.

ராணி நம் விரல் பருமன் இருக்கும். நடக்க முடியாது. புற்றின் அடியில் கல் போன்ற மண்ணறைக்குள் கிடந்து நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பல ஆண்டுகள் உயிர் வாழும். மேலே தெரியும் மண் கோபுரத்தை இடிப்பது வீட்டின் ஓட்டைப் பிரிப்பது போலத்தான். வீட்டுக்காரி உள்ளே பத்திரமாக இருக்கிறாள். பத்து நாளில் ஓட்டை வேய்ந்துவிடுவார்கள். ஊற்றிய மருந்தும் கோபுரத்து மண்ணிலேயே ஊறிப் பெரும்பாலும் நின்றுவிடும்.

நம் வரப்புகளில் புற்றுக் கட்டும் கறையானுக்கு மரத்தைத் தானாகச் செரிக்கும் சக்தி போதாது. தின்று கழித்த சருகையும் சக்கையையும் தேனடை போல் அடுக்கி, அதன்மேல் ஒரு பூஞ்சாணத்தை வளர்க்கிறது. பூஞ்சாணம் சக்கையைப் பக்குவம் செய்து தர, கறையான் அதைத் தின்கிறது. மழைக்குப் பின் புற்றின் மேல் முளைக்கும் புற்றுக்காளான் இந்தத் தோட்டத்தின் காளான்தான். இந்தச் செய்தியை முதன்முதலில் எழுதியவர்களில் ஒருவர் நம் தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷன் வைத்தியராக இருந்த கோனிக் என்பவர். 1779-ஆம் ஆண்டில் கறையானைப் பற்றி ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய கட்டுரை, இந்தப் பூச்சியைப் பற்றிய அறிவியல் எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. தஞ்சைப் பக்கத்துப் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து எழுதப்பட்டது அது.

மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசலும் கறையானே. புது ராஜாவும் புது ராணியும் வீட்டை விட்டுக் கிளம்புகிற நாள் அது. கோழி, காக்கை, தவளை, பல்லி, எறும்பு எல்லாவற்றுக்கும் அன்று விருந்து. நம் கிராமங்களில் வறுத்துப் பொரியோடு கலந்து தின்பவர்களும் உண்டு, நானும் தின்றிருக்கிறேன். ஆயிரத்தில் ஒரு ஜோடி தப்பி மண்ணுக்குள் நுழைந்தால் பெரிய காரியம். அந்த ஒரு ஜோடியே சில ஆண்டுகளில் புதுப் புற்றாகிறது. ஆகவே ஒரு வரப்பில் ஒரு புற்றை ஒழித்துவிட்டதால் அந்த ஊரில் கறையான் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது மட்டும் அல்ல. கடலையைத் தாக்கும் கறையான்களில் ஒரு சிறு வகை மேலே புற்றே கட்டுவதில்லை. மண்ணுக்குள் ஆங்காங்கே பாக்களவு, எலுமிச்சையளவு அறைகளில் சிதறிக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிகிறதே என்று புற்றைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

கொன்றது யார்?

இன்னொரு முக்கியமான விஷயம். வாடிய செடியின் வேரில் கறையான் இருந்தால், அதுதான் செடியைக் கொன்றது என்று ஆகிவிடாது. கறையானுக்குப் பிடித்த உணவு செத்த பொருள். வேறொரு நோயால் செத்த செடியைத் தின்ன வந்த கறையானை நாம் கையும் களவுமாகப் பிடித்துக் குற்றம் சாட்டுவது அடிக்கடி நடக்கிறது. அதனால்தான் செடியைப் பிடுங்கிப் பாருங்கள் என்கிறேன். முழுதாகக் காய்ந்ததைப் பிடுங்காமல், அப்போதுதான் வாடத் தொடங்கிய செடியை மண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும்.

ஆணிவேரோ தண்டின் அடியோ உள்ளே குடையப்பட்டு மண் நிரம்பியிருந்தால் அது கறையான் வேலை. வேர்கள் கத்தரித்தது போல் துண்டாகி, மண்ணில் வெள்ளையாக அரைவட்டமாகச் சுருண்ட புழு கிடந்தால் அது வேர்ப்புழு. தண்டின் அடியில் வெள்ளை நூல் போலப் பூஞ்சாணம் படர்ந்து கடுகு கடுகாக உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது தண்டழுகல் நோய். வேர்ப்பட்டை நார் நாராக உரிந்து உள்ளே கரித்தூள் தூவினாற்போல் இருந்தால் அது வேரழுகல். இந்த நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. வேரழுகலுக்குக் கறையான் மருந்தை ஊற்றினால் என்ன பயன்? அடுத்த பட்டத்திலும் அதே இடத்தில் அதே நோய் வரும்.

மா, வேம்பு, தென்னை மரங்களின் அடிப்பட்டையில் மண்பூச்சு ஏறியிருப்பதைப் பார்த்தும் பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் அது உலர்ந்த மேல்பட்டையை மட்டுமே தின்கிறது. விளக்குமாற்றால் தேய்த்துத் தள்ளிவிட்டு, பட்டை நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இளங்கன்றாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தென்னங்கன்றின் நடுக்குருத்து வாடினால் கழுத்துப் பகுதியைத் தோண்டிப் பாருங்கள். நாற்றங்காலில் நெற்றுகளின் மேல் ஆற்றுமணலைப் பரப்புவது பழைய வழக்கம். இன்றைக்கும் நல்ல வழக்கம்.

வராமல் காப்பது

கறையான் உண்மையிலேயே நட்டம் செய்வது எங்கே? செம்மண், சரளை மண் மானாவாரியில் கடலை. நட்ட கரும்புக் கரணை. புதிதாக வைத்த மரக்கன்று. பின்பட்ட வறட்சியில் நிற்கும் மக்காச்சோளம். இவற்றில் கறையானை அலட்சியம் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றிலும் பொதுவான அம்சம் ஒன்றுண்டு. மண்ணில் ஈரம் குறைந்து, செடி தளர்ந்து, பக்கத்தில் மக்காத பொருள் கிடக்கும்போதுதான் அது உயிருள்ள செடியில் வாய் வைக்கிறது.

முதல் வேலை எரு. குழியின் மேலே கிடக்கும் நேற்றைய சாணியையும் கூளத்தையும் விதைப்பு நேரத்தில் நிலத்தில் கொட்டாதீர்கள். அடியில் கிடக்கும், கையில் எடுத்தால் உதிர்கிற, நாற்றம் இல்லாத எருவை எடுங்கள். பாதி மக்கிய எருதான் இருக்கிறது, வேறு வழி இல்லை என்றால், விதைப்புக்கு இரண்டு மாதம் முன்னதாகக் கோடையிலேயே கொட்டி, குவியலாக விடாமல் பரப்பி உழுதுவிடுங்கள். கறையான் வந்து தின்னட்டும். விதைக்கும் காலத்துக்குள் அதன் வேலை முடிந்துவிடும்.

அடுத்தது முன்பயிரின் கட்டை. துவரை, பருத்தி, மக்காச்சோளக் கட்டைகளைப் பிடுங்கி மக்கவைத்து மறுபடியும் நிலத்துக்கே கொண்டு வாருங்கள், கொளுத்த வேண்டாம். கோடை உழவு கறையானின் பாதைகளை அறுத்து வெயிலில் காட்டும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதை நான் எப்போதும் சொல்வேன். அது கறையானைக் கொன்று குவித்துவிடாது. ஒதுங்க வைக்கும், பயிருக்கும் உரமாகும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது தண்ணீர். காய் முற்றும் சமயத்தில் வறட்சி வந்தால், எப்பாடு பட்டாவது ஒரு உயிர்த்தண்ணீர் கொடுக்கப் பாருங்கள். கிணறு இல்லாதவருக்கு இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாட்டில் வாங்கக் காசு தேடுகிறவர் அதே காசைப் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் கொடுக்கலாம் அல்லவா? கரும்பு நடவுக்கும் இதே விதிதான். கரணையை நட்டுவிட்டுத் தண்ணீருக்கு நாள் கடத்தினால், கறையான் இரண்டு வெட்டுமுனை வழியாகவும் உள்ளே போய்ச் சோற்றைத் தின்று மண்ணை அடைத்துவிடும்.

நான்காவது, கடலையை நாள் கடத்தாமல் பிடுங்குவது. கூலியாள் கிடைக்கவில்லை, மழை பெய்தால் எளிதாகப் பிடுங்கலாம் என்று முற்றிய கடலையை உலர்ந்த மண்ணில் விட்டுவைக்கிறோம். இது கறையானுக்கு நாம் கொடுக்கும் மானியம். நாலு செடியைப் பிடுங்கி உடைத்துப் பாருங்கள். பெரும்பாலான காய்களின் ஓட்டு உட்புறம் கருத்திருந்தால் பயிர் முற்றிவிட்டது. பிடுங்கிய செடியைத் தரையில் போராகப் போட்டு நாட்கணக்கில் வைக்காமல் உடனே காயை ஆய்ந்து, ஆட்டினால் கலகலவென்று ஒலிக்கும்வரை உலர்த்துங்கள்.

காய் ஓட்டைச் சுரண்டினால் என்ன, பருப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். அந்தச் சுரண்டலில்தான் ஆபத்து. ஓடு மெலிந்த இடத்தின் வழியே ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சாணம் நுழைகிறது. அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு மனிதனுக்கும் மாட்டுக்கும் ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஆகவே சுரண்டிய காயைக் கண்டிப்பாகப் பிரித்துவிடுங்கள். விதைக்கும் வைக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள், மாட்டுக்கு என்று பிண்ணாக்கிலும் சேர்க்காதீர்கள்.

மூடாக்குப் போட்டால் கறையான் வருமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வரும்; மூடாக்கைத்தான் தின்னும். பயிர் வேரூன்றிய பிறகு மேலே பரப்பிய கரும்புச் சோகை மண்ணின் ஈரத்தைக் காக்கிறது, கறையானுக்கும் செத்த உணவாக இருக்கிறது. வேருக்கு அருகில் மண்ணுக்குள் புதைந்த மக்காத எரு வேறு, மேலே பரப்பிய சோகை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து நிலத்தைத் துடைத்து வைத்தால், கறையானுக்கு மிஞ்சுவது உங்கள் பயிர் மட்டும்தான்.

நாங்கள் சொன்னதும் செய்ததும்

மருந்தைப் பற்றிப் பேசும்போது என் துறைக்காரர்களின் தவற்றையும் சொல்லத்தான் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கறையான் என்று யார் வந்து நின்றாலும் பி.எச்.சி. பத்து சதத் தூளை எழுதிக் கொடுப்போம். அதற்கு முன்னால் ஆல்ட்ரின், ஹெப்டாகுளோர். எல்லாம் மண்ணில் போட்டால் ஆண்டுக்கணக்கில் கரையாமல் கிடக்கும் நஞ்சுகள். அப்படிக் கிடப்பதையே அப்போது பெருமையாகச் சொன்னோம். பிறகுதான் அவை புல்லிலும் பாலிலும் தாய்ப்பாலிலும் வந்து சேர்வது தெரிந்தது. ஆல்ட்ரினும் ஹெப்டாகுளோரும் 1996-இலும், பி.எச்.சி. 1997-இலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. அதற்குப் பதிலாக வந்த லிண்டேனின் உபயோகம் 2013-இல் நின்றது. போரேட் குருணை 2020-ஆம் ஆண்டு முடிவோடு போயிற்று. இப்போது எல்லாரும் கையில் எடுக்கும் குளோர்பைரிபாஸையும், சில விலக்குகளோடு, ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் 2025-இல் சேர்த்தன. என் உத்தியோக காலத்துக்குள்ளேயே இத்தனை மருந்துகள் வந்து போய்விட்டன. கறையான் அப்படியேதான் இருக்கிறது.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் கறையான் நட்டம் செய்யும் நிலத்தில், விதையையோ கரணையையோ நேர்த்தி செய்வது ஓரளவு நியாயமான செலவு. கொஞ்சம் மருந்து, செடிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் லேபிளில் உங்கள் பயிரின் பெயரும் கறையானின் பெயரும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள். அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கும். நேர்த்தி செய்த விதையில் மிச்சமானதைக் கோழி மேயும் இடத்தில் கொட்டாதீர்கள். அறுவடைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது உலர்ந்த மண்ணில் மருந்து ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது இரண்டு விரற்கடை ஆழத்துக்குமேல் இறங்காது. கறையானோ அதற்குக் கீழே இருக்கிறது.

மெட்டாரைசியம் என்ற பூஞ்சாண மருந்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் கறையானை நன்றாகக் கொல்கிறது. நிலத்தில் அவ்வளவு நம்ப முடியவில்லை. கறையான்கள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். நோய் கண்டு செத்ததை மண் பூசி மூடிவிடும். இவ்வளவு சுகாதாரம் நம் ஊராட்சிகளில் இருந்தால் நன்றாக இருக்கும்.

புற்றை இடிக்கவே கூடாதா என்றால், நாற்றங்காலுக்குள்ளோ வீட்டுச் சுவரை ஒட்டியோ இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். எடுத்தால் முழுதாக எடுங்கள். கோபுரத்தோடு நிற்காமல் அடியில் உள்ள ராணி அறைவரை தோண்டி ராணியை அகற்ற வேண்டும். வரப்போரத்துப் புற்றுக்கு அந்த உழைப்பு வேண்டாம். சாமி கும்பிடுகிற புற்றைப் பற்றி வீட்டுப் பெரியவர்களோடு சண்டை போடவும் வேண்டாம்.

கறையானால் நன்மையும் உண்டு என்றால் சிரிக்கிறவர்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி செய்ததைக் கேட்க வேண்டும். வறட்சியில் ஓடு போல இறுகிப் போன நிலத்தில், மழைக்கு முன்பே கோடையில் சிறு குழிகள் வெட்டி அவற்றில் எருவைப் போட்டார். கறையான் எருவைத் தேடி வந்து இறுகிய மண்ணைத் துளைத்தது. மழை பெய்ததும் தண்ணீர் அந்தத் துளைகளில் இறங்கியது. சோளமும் கம்பும் விளைந்தன, பின்னர் மரங்களும் வளர்ந்தன. அவர் 2023-இல் காலமாகும் முன் உலகமே அவர் நிலத்தை வந்து பார்த்தது. ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலத்தில் செய்த ஆராய்ச்சியிலும், எறும்பும் கறையானும் உள்ள நிலத்தில் அவற்றை மருந்தால் ஒழித்த நிலத்தைவிட 36 சதவிகிதம் விளைச்சல் கூடியது என்று 2011-இல் வெளியிட்டார்கள். கறையானை வளர்க்கச் சொல்லவில்லை. திண்டிவனத்து மூலையில் கொட்டியதும் எரு, சவடோகோ குழியில் போட்டதும் எரு. அவர் கோடையிலேயே போட்டார், நாம் விதைப்புக்கு முந்தின மாதம்தான் கொட்டினோம்.

இன்று சிறு விவசாயிக்குப் பூச்சி வைத்தியர் மருந்துக்கடைக்காரர்தான். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர் கடையில் எரு விற்பதில்லை, தண்ணீரும் விற்பதில்லை. எங்கள் கையேடுகளில்கூட கறையான் என்ற தலைப்பின்கீழ் புற்றை அழிக்கவும் என்பது மேலே இருக்கிறது, மக்கிய எரு கீழே இருக்கிறது. இந்த வரிசையைத் திருப்பி எழுத வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆனி மாதத்துக்குள் எருக்குழிகளைப் பார்த்துச் சொல்ல ஆள் அனுப்ப வேண்டும். கோடையில் குழி மூடி மக்க வைக்கிறவருக்கு ஒரு சிறு உதவித்தொகை கொடுத்தால், மருந்து மானியத்தைவிட அது அதிகப் பலன் தரும் என்பது என் எண்ணம்.

அதுவரை, உங்கள் கொல்லையில் செடி வாடினால் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வாடத் தொடங்கிய செடி இரண்டு, நல்ல செடி ஒன்று, வேரோடும் ஒரு கை மண்ணோடும் தோண்டி ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். எரு எப்போது அடித்தீர்கள், கடைசியாக எப்போது மழை பெய்தது என்ற இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் ஆட்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.